காற்றைப் பார்த்துக் கரையைத் தேர்வது: சார்டினியாவில் எட்டு இரவுக் கூடாரப் பயணம்

மத்தியதரைக் கடலில் சிசிலிக்கு அடுத்த பெரிய தீவான சார்டினியாவை, வாடகைக் காரில் கூடாரத்தை ஏற்றிக்கொண்டு எட்டு இரவுகளில் சுற்றிவருவது எப்படி என்பதை, தண்டையார்பேட்டை, ராயபுரம், திருவொற்றியூர்ப் பக்கத்திலிருந்து முதல் முறையாகக் கிளம்புபவர்களை மனத்தில் வைத்து எழுதுகிறேன். நானும் என் மனைவியும், என் மைத்துனரும் அவர் மனைவியுமாக நான்கு பேர் ஒரு செப்டம்பர் மாதத்தில் போய்வந்தோம். இந்தப் பயணத்துக்குத் தேவையானவற்றில் பெரும்பாலானவற்றை வீட்டில் இருந்தபடியே கற்றுக்கொண்டுவிடலாம். ஒன்றை மட்டும் நாங்கள் அங்கே போய்த்தான் கற்றோம்: அந்தத் தீவில் எந்தக் கரைக்கு எப்போது போவது என்பதைக் காற்றைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். அதனால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

வலமா, இடமா

வடமேற்கிலிருந்து வீசும் காற்றை அங்குள்ளவர்கள் மேஸ்த்ராலே என்கிறார்கள். அது திறந்த கடலைத் தாண்டி வந்து சார்டினியாவின் மேற்குக் கரையில் நேராக மோதும். அது வீசும் நாட்களில் மேற்குக் கரையில் அலை ஆள் உயரத்துக்கு எழும். மணல் முகத்தில் அடிக்கும். இறங்கிக் குளிப்பது ஆபத்து. அதே நாளில், நடுவில் மலைகள் மறைத்து நிற்பதால், கிழக்குக் கரையில் கடல் குளம்போல் கிடக்கும். தென்கிழக்கிலிருந்து சிரோக்கோ என்ற வெப்பக் காற்று வீசும்போது இது தலைகீழாகிவிடும்: கிழக்கில் படகுகள் நின்றுவிடும், மேற்கில் கடல் அடங்கியிருக்கும். வாடை, கொண்டல், கச்சான் என்று காற்றுக்குப் பெயர் வைத்துப் பேசுவதைக் காசிமேட்டில் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இதை நீட்டி விளக்க வேண்டியதில்லை. ஆனாலும் சுற்றுலா என்று வந்துவிட்டால் நாமே அதை மறந்துவிடுகிறோம். இன்ன நாளில் இன்ன கடற்கரை என்று கட்டம் போட்டு எழுதிக்கொண்டுதான் நாங்களும் கிளம்பினோம்.

ஆகவே நான் பரிந்துரைக்கும் வழி ஒரு வட்டம். தெற்கே தலைநகர் காலியாரியில் இறங்கிக் காரை எடுத்துக்கொண்டு, மேற்கே இக்லேசியாஸ் கரையோரத்தில் இரண்டு இரவு, அதற்கு வடக்கே சினிஸ் தீபகற்பத்தில் இரண்டு இரவு, பிறகு தீவைக் குறுக்காகக் கடந்து கிழக்கே காலா கொனோனேயில் மூன்று இரவு, இறுதியாகத் தென்கிழக்கில் கோஸ்தா ரெய் பகுதியில் ஓர் இரவு தங்கி, மீண்டும் காலியாரிக்கு வந்து காரை ஒப்படைப்பது. வேறு ஊரில் காரைத் திருப்பித் தந்தால் தனியாகக் கட்டணம் உண்டு என்பதால் எடுத்த இடத்திலேயே கொடுப்பது நல்லது. உள்ளூர் அலைச்சலையும் சேர்த்து மொத்தம் ஏறத்தாழ 700 கிலோமீட்டர் வரும், அதாவது சென்னையிலிருந்து கன்னியாகுமரிக்குப் போகும் தூரம். இந்த வட்டத்தில் தீவின் வடக்குப் பாதி விடுபட்டுப் போகிறது என்பது உண்மைதான். அல்கேரோ, போசா, மத்தலேனா தீவுகள் எல்லாம் அங்கேதான் உள்ளன, எல்லாமே அழகான இடங்கள். எட்டு இரவில் முழுத் தீவையும் சுற்ற முயன்றால் பகல் முழுவதும் காரிலேயே கழியும் என்பதால், மனத்தைக் கல்லாக்கிக்கொண்டு அவற்றை அடுத்த முறைக்கு விட்டுவிடச் சொல்கிறேன்.

கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்பு விண்டி போன்ற ஒரு செயலியில் காற்றின் போக்கைப் பாருங்கள். அடுத்த மூன்று நாட்களுக்கு வடமேற்குக் காற்று பலமாக இருக்கும் என்று காட்டினால் வட்டத்தை இடமாகத் திருப்பி, கிழக்குக் கரையிலிருந்து தொடங்குங்கள். காற்று அடங்கியிருந்தால் வலமாக, மேற்கிலிருந்து தொடங்குங்கள். அங்கே வாகனங்கள் சாலையின் வலப்பக்கத்தில் ஓடும் என்பதால் இதில் இன்னொரு வேறுபாடும் உண்டு. வலமாகச் சுற்றினால் கடல் நமக்கு இடப்புறத்தில் இருக்கும், நம் வண்டி மலையை ஒட்டிய பக்கத்தில் போகும். பள்ளத்தைப் பார்த்தால் தலை சுற்றுபவர்களுக்கு அது ஆறுதல். இடமாகச் சுற்றினால் கடலை ஒட்டியே ஓட்டுவோம், காட்சி முனைகளில் எதிர்ப்புற வண்டிகளைக் கடக்காமல் எளிதாக ஒதுங்கி நிறுத்தலாம்.

இப்படித் திசை மாற்றும் சுதந்திரம் வேண்டுமென்றால் ஜூன் அல்லது செப்டம்பரில் போக வேண்டும். ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் இத்தாலியர்கள் குடும்பத்தோடு கரைக்கு வந்துவிடுவார்கள்; முன்பதிவு இல்லாமல் கூடாரம் போட இடம் கிடைப்பது அரிது. அக்டோபருக்குப் பிறகு பல முகாம்கள் மூடிவிடும்.

தாள்களும் அட்டைகளும்

இத்தாலிக்கு ஷெங்கன் விசா வேண்டும். பெரியவர்களுக்குக் கட்டணம் 90 யூரோ. பயணத் தேதிக்கு ஆறு மாதத்துக்கு முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம், குறைந்தது 15 நாளாவது முன்னதாக விண்ணப்பித்திருக்க வேண்டும், ஆனால் மூன்று மாதத்துக்கு முன்பே போட்டுவிடுவது நிம்மதி. 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடும், தங்கும் இடங்களுக்கான சான்றும் கேட்பார்கள். கூடார முகாமின் முன்பதிவுக் கடிதமும் தங்குமிடச் சான்றுதான். முகாமின் பெயர், முகவரி, தேதிகள், பயணிகள் அனைவரின் பெயர்கள் ஆகியவை அதில் இருக்க வேண்டும். மாற்றவும் ரத்து செய்யவும் அனுமதிக்கும் முகாம்களாகப் பார்த்து மின்னஞ்சலில் பதிவு செய்யுங்கள். காற்று திசை மாறினால் கரையின் வரிசையை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்.

ஐ.டி.பி. என்று சொல்லப்படும் பன்னாட்டு ஓட்டுநர் அனுமதி இல்லாமல் இந்திய உரிமத்தை மட்டும் வைத்து அங்கே ஓட்டக் கூடாது. பரிவாகன் இணையதளத்தில் விண்ணப்பித்து, உங்கள் உரிமத்துக்குரிய ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் பெற்றுக்கொள்ளலாம்; எங்கள் பகுதிக்காரர்களுக்குப் பெரும்பாலும் அது தண்டையார்பேட்டை அலுவலகமாக இருக்கும். ஓராண்டுக்குச் செல்லும். வண்டி ஓட்டும்போது அதையும் அசல் உரிமத்தையும் சேர்த்தே வைத்திருக்க வேண்டும்.

காரை யார் பெயரில் பதிவு செய்கிறோமோ அவர் பெயரிலேயே கடன் அட்டை இருக்க வேண்டும் என்பதை நாங்கள் படித்திருந்தும் பொருட்படுத்தவில்லை. மைத்துனர் பெயரில் பதிவு செய்துவிட்டு விமான நிலைய மேசையில் என் அட்டையை நீட்டினோம், வாங்க மறுத்துவிட்டார்கள். ஓட்டுநர் பெயரை என் பெயருக்கு மாற்றி, புதிய விலைக்கு ஒப்புக்கொண்டு, சாவி கைக்கு வர ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. பிணைத்தொகையாக ஒரு பெரிய தொகையை அட்டையில் நிறுத்திவைப்பார்கள் என்பதால் அதற்கான வரம்பு அட்டையில் மீதி இருக்கிறதா என்றும், வெளிநாட்டுப் பரிவர்த்தனை வங்கிச் செயலியில் திறக்கப்பட்டிருக்கிறதா என்றும் கிளம்பும் முன்பே பார்த்துவிடுங்கள். டெபிட் அட்டையை நம்பிப் போகாதீர்கள்.

சென்னையிலிருந்து நேரடி விமானம் இல்லை. வளைகுடா நகரம் ஒன்றின் வழியாக ரோமுக்கோ மிலானுக்கோ போய், அங்கிருந்து உள்நாட்டு விமானத்தில் காலியாரிக்குப் போவது வழக்கமான வழி. அந்த உள்நாட்டு விமானத்தில் பெட்டியின் எடை வரம்பு குறைவாக இருக்கும். கூடாரத்தின் எடையை அந்த வரம்புக்குப் பொருந்துமாறு கணக்கிடுங்கள்.

மொட்டை மாடியில் ஒத்திகை

நால்வருக்கு ஒரு பெரிய கூடாரத்தைவிட மூன்று பேர் படுக்கும் அளவில் இரண்டு சிறிய கூடாரங்கள் நல்லவை. தாழ்வாக நிற்பதால் காற்றைத் தாங்கும். இரண்டு பெட்டிகளில் எடையைப் பிரித்து வைக்கலாம். ஒன்று பழுதானாலும் இன்னொன்று இருக்கும். வாங்கியதும் மொட்டை மாடியில் விரித்துப் பாருங்கள். மாடித் தரையில் முளை அடிக்க முடியாது என்பதே ஒரு நல்ல பயிற்சி. தண்ணீர்த் தொட்டியின் குழாயிலும், செங்கல் அடுக்கிலும், மணல் நிரப்பிய பையிலும் கயிற்றைக் கட்டி நிறுத்திப் பழகியது எங்களுக்கு அங்கே இரண்டு இடங்களில் கைகொடுத்தது. ஒருமுறை வெளிச்சத்தில், ஒருமுறை இருட்டில் தலைவிளக்கோடு, ஒருமுறை ஒருவர் மேலே வாளித் தண்ணீரை ஊற்ற உள்ளே உட்கார்ந்து பார்த்து, என மூன்று ஒத்திகைகள் போதும்.

கூடாரத்தோடு வரும் கயிறும் முளைகளும் பெரும்பாலும் ஒப்புக்குத்தான். காசிமேட்டில் வலை விற்கும் கடையில் நான்கு மில்லிமீட்டர் நைலான் கயிறு இருபது மீட்டர் வாங்கி, முனைகளை நெருப்பில் காட்டி உருக்கி வைத்துக்கொள்ளுங்கள். மணலில் மெல்லிய முளை நிற்காது. ஒரு துணிப்பையில் மணலை நிரப்பி, கழுத்தில் கயிற்றைக் கட்டி, முழங்கை ஆழத்துக்குப் புதைத்துவிட்டால் அசையாது. கிழக்குக் கரையில் தரை சுண்ணாம்புக் கல். அங்கே அலுமினிய முளை வளைந்துவிடும், கனமான எஃகு முளையோ பெரிய கல்லோதான் வழி.

எரிவாயுக் குப்பியை விமானத்தில் எந்தப் பெட்டியிலும் வைக்கக் கூடாது. குப்பிகளில் துளைத்துப் பொருத்துவது, திருகிப் பொருத்துவது, சொடுக்கிப் பொருத்துவது என வெவ்வேறு வகைகள் இருப்பதால், இங்கிருந்து கொண்டுபோன அடுப்பு அங்கே கிடைக்கும் குப்பிக்குப் பொருந்தாமல் போகலாம். அடுப்பையும் குப்பியையும் காலியாரியில் ஒரே கடையில் ஒன்றாக வாங்கி, கடையிலேயே பொருத்திப் பார்த்துவிடுங்கள். இரண்டு லிட்டர் குக்கர் ஒன்றைக் கட்டாயம் கொண்டுபோங்கள், எரிவாயு மிச்சமாகும்.

உணவில் ஒரு விதியைக் கவனிக்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் வெளியிலிருந்து இறைச்சியும் பால் பொருளும் கொண்டுவரக் கூடாது. ஆகவே நெய்யும் பால்கோவாவும் வீட்டிலேயே இருக்கட்டும். பச்சைக் கறிவேப்பிலைக்கும் தாவரச் சான்று கேட்பார்கள். பருப்புப் பொடி, எள்ளுப் பொடி, புளிக்காய்ச்சல், உலர்ந்த மசாலாத் தூள் ஆகியவை போதும்.

சாலையில்

முதல் நாள் மாலைக்குள் முகாமை அடைந்துவிடும்படி விமானத்தைத் தேர்ந்தெடுங்கள். இடப்பக்கத்தில் உட்கார்ந்து வலக்கையால் கியர் மாற்றி, சாலையின் வலப்பக்கத்தில் ஓட்டுவதற்குக் கை பழக அரை நாளாவது ஆகும். இருட்டில் அதைத் தொடங்க வேண்டாம். முன் இருக்கையில் இருப்பவர் ஒவ்வொரு திருப்பத்திலும் "வலது, வலது" என்று சொல்லிக்கொண்டே வந்தது எங்களுக்கு உதவியது. ரவுண்டானாவில் ஏற்கெனவே சுற்றிக்கொண்டிருக்கும் வண்டிகளுக்குத்தான் முன்னுரிமை. இடப்புறம் பார்த்து நின்று நுழைய வேண்டும்.

சார்டினியாவில் சுங்கச் சாவடியே கிடையாது. வேக வரம்பு ஊருக்குள் 50, வெளிச் சாலைகளில் 90, பிரிக்கப்பட்ட பெருஞ்சாலைகளில் 110 கிலோமீட்டர். ஊருக்கு வெளியே பகலிலும் முன்விளக்கு எரிய வேண்டும். பழைய நகர்ப் பகுதிகளின் நுழைவில் இசட்.டி.எல். என்று எழுதிய பலகையைக் கண்டால் உள்ளே போகாதீர்கள். அனுமதி பெற்ற வண்டிகளுக்கு மட்டுமான பகுதி அது, கேமரா படம் பிடித்துவிடும், அபராதம் வாடகை நிறுவனம் வழியாக மாதங்கள் கழித்து வீட்டுக்கு வரும். நிறுத்துமிடத்தில் நீலக் கோடு கட்டணத்துக்கு, வெள்ளைக் கோடு இலவசத்துக்கு, மஞ்சள் கோடு பிறருக்கு ஒதுக்கியதற்கு.

எரிபொருளில்தான் நம்மவர்கள் தடுமாறுவார்கள். பென்சீனா என்றால் பெட்ரோல், கசோலியோ என்றால் டீசல். கசோலியோ என்ற ஒலியைக் கேட்டுப் பெட்ரோல் என்று நினைத்துவிட்டால் இஞ்சின் போயிற்று. மூடியின் உட்புறம் ஒட்டியிருக்கும் குறியைப் பாருங்கள்: வட்டம் பெட்ரோலுக்கு, சதுரம் டீசலுக்கு. நாமே பிடித்துக்கொள்ளும் குழாயில் விலை குறைவு. ஆள் வந்து பிடித்தால் கூடுதல். மதியம் பல பெட்ரோல் பங்குகளில் ஆள் இருக்க மாட்டார், இயந்திரத்தில் முன்பணம் செலுத்தித்தான் எடுக்க வேண்டும். மலைப்பகுதிக்குள் போகும் முன் அரைத் தொட்டிக்குக் குறையாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

மலைச் சாலையில் மணிக்கு 40 கிலோமீட்டர் என்று கணக்கு வையுங்கள். செம்மறி ஆட்டு மந்தை ஒன்று சாலையைக் கடக்கப் பத்து நிமிடம் எடுக்கும். ஒலிப்பானை அடிக்காமல், இஞ்சினை அணைத்துவிட்டுக் காத்திருங்கள். இடையர் போகும்போது கையை உயர்த்தி நன்றி சொல்வார்.

முகாமில்

அனுமதி பெற்ற முகாமுக்கு வெளியே, கடற்கரையிலோ காட்டோரத்திலோ கூடாரம் போடுவது சார்டினியாவில் சட்டப்படி தடை. இணையத்தில் பார்க்கும் மணல்மேட்டுக் கூடாரப் படங்களை நம்பி இறங்கினால் அபராதம்தான். முகாம்களில் ஆளுக்கு இவ்வளவு, இடத்துக்கு இவ்வளவு, வண்டிக்கு இவ்வளவு, மின்சாரத்துக்கு இவ்வளவு என்று தனித்தனியாகக் கணக்கிடுவார்கள். ஊர் வரியும் சேரலாம். மொத்தத்தை முதலிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். கடவுச்சீட்டைக் கேட்டுப் பதிவு செய்வது அங்கே சட்டப்படியான நடைமுறை. முன்பதிவில்லாமல் போனால் "ச்சே போஸ்தோ பெர் ஊனா தெந்தா?" என்று கேளுங்கள், ஒரு கூடாரத்துக்கு இடம் இருக்கிறதா என்று பொருள்.

மதியம் இரண்டு மணி வாக்கில் போய்ச் சேராதீர்கள். பகல் ஓய்வு நேரத்தில் பெரும்பாலான முகாம்களில் வண்டியை உள்ளே விடமாட்டார்கள், வரவேற்பறையும் மூடியிருக்கும். கடைகளும் அப்படியே, பகல் ஒன்றிலிருந்து நான்கு, ஐந்து மணி வரை சிற்றூர்களில் ஒரு வாழைப்பழம்கூட வாங்க முடியாது. ஒரு மணிக்கு முன்பு அல்லது நான்கு மணிக்குப் பிறகு என்று வைத்துக்கொள்ளுங்கள். சில முகாம்களில் வெந்நீர்க் குளியலுக்கு டோக்கன் வாங்கிப் போட வேண்டும். பாத்திரம் கழுவும் தொட்டி வேறு, துணி துவைக்கும் தொட்டி வேறு. மாற்றிப் பயன்படுத்தினால் யாரேனும் வந்து சொல்வார்கள்.

இடத்தைத் தேர்வதில்தான் நாங்கள் தவறினோம். சினிஸில் முதல் மாலை கடல் அமைதியாக இருந்தது. அஸ்தமனம் தெரிய வேண்டும் என்று கூடாரத்தின் வாசலைக் கடலைப் பார்த்து, அதாவது வடமேற்கைப் பார்த்து வைத்தோம். இரவு இரண்டு மணிக்குக் காற்று வந்தது. வாசல் வழியாகப் புகுந்து உள்ளே உப்பியது. ஒரு கம்பி வளைந்து, துணி முகத்தில் வந்து அறைந்தது. என் மனைவி இரண்டு கைகளாலும் மேற்கூரையைத் தாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பக்கத்துக் கூடாரத்திலிருந்து ஒரு முதியவர் விளக்கும் ரப்பர் சுத்தியும் எடுத்துக்கொண்டு வந்தார். எங்களிடம் ஒன்றும் கேட்காமல் கம்பிகளைக் கழற்றிக் கூடாரத்தைப் படுக்கவைத்தார், தாழ்ந்த பின்பக்கம் காற்றைப் பார்க்கும்படி திருப்பினார், காற்று வரும் பக்கத்தில் காரைக் கொண்டுவந்து நிறுத்தும்படி சைகை காட்டினார், எங்கள் காசிமேட்டுக் கயிற்றைச் சக்கரத்தில் சுற்றிக் கட்டினார். பதினைந்து நிமிட வேலை. அன்றிலிருந்து ஒவ்வொரு முகாமிலும் முதலில் மரங்களைப் பார்த்தோம். மேற்குக் கரையில் மரங்கள் எல்லாம் தென்கிழக்கே சாய்ந்து வளர்ந்திருக்கும். சாய்வுக்கு எதிர்ப்பக்கம்தான் காற்று வரும் பக்கம். அந்தப் பக்கம் முதுகைக் காட்டி, புதரோ சுவரோ காரோ மறைப்பாக இருக்குமாறு கூடாரத்தை நிறுத்துங்கள்.

விறகுத் தீ மூட்டாதீர்கள். கோடையில் வெளியில் நெருப்பு மூட்டுவது தடை. 2021 ஜூலையில், சினிஸுக்கு அருகிலுள்ள ஒரிஸ்தானோ நகருக்கு வடக்கே மொந்திஃபெர்ரு மலைப்பகுதி எரிந்தபோது, ஆயிரம் ஆண்டு வயதுடையதாகச் சொல்லப்பட்ட ஒலிவ மரமும் கருகியது. அடுப்பையும் முகாம் அனுமதிக்கும் இடத்தில், காற்று மறைப்பில் மட்டும் பற்றவையுங்கள். அவசரத்துக்கு எண் 112.

மேற்குக் கரை

இக்லேசியாஸ் ஊரிலிருந்து இறங்கினால் மாசுவா என்ற சிற்றூர் வரும். அங்கே செங்குத்தான பாறை முகத்தில், கடலுக்கு மேலே, ஒரு வாயில் திறந்திருக்கிறது. அதற்குப் பெயர் போர்ட்டோ பிளாவியா. சுரங்கத்திலிருந்து வந்த ஈயம், துத்தநாகத் தாதுவை மலைக்குள்ளேயே சேமித்து, நகரும் பட்டை வழியாக நேராகக் கப்பலுக்குள் கொட்டுவதற்காகப் பொறியாளர் செசாரே வெச்செல்லி 1924-இல் கட்டி முடித்தது. தன் மகளின் பெயரையே வைத்தார். அதற்கு முன்பு தொழிலாளர்கள் கூடை கூடையாகத் தாதுவைத் தோளில் சுமந்து சிறு பாய்மரப் படகுகளில் ஏற்றினார்கள். அவை சான் பியெத்ரோ தீவிலுள்ள கார்லோபோர்த்தே துறைமுகத்துக்குப் போய்ப் பெரிய கப்பலில் மாற்றின. துறைமுகத்தை நம்பி வாழ்ந்த பகுதியிலிருந்து போகிறவர்களுக்கு இந்த இடத்தைப் பார்க்காமல் வர மனம் வராது. 1881-இல் துறைமுகம் இயங்கத் தொடங்கும் முன்பு நம் ஊரிலும் கப்பல்கள் தொலைவில் நங்கூரமிட்டு நிற்க, கயிற்றால் தைத்த மசூலாப் படகுகள்தான் அலையைத் தாண்டிச் சரக்கையும் ஆட்களையும் கொண்டுவந்தன. வழிகாட்டியோடு மட்டுமே உள்ளே விடுவார்கள், முன்பதிவு வேண்டும். சுரங்கத்துக்குள் குளிரும், ஒரு மேலாடை எடுத்துப்போங்கள். வாயிலில் நின்றால் நேர் எதிரே கடலில் 133 மீட்டர் உயரத்தில் வெள்ளைப் பாறை ஒன்று நிற்கும். அதைச் சர்க்கரைக் கட்டி என்ற பொருளில் பான் தி சூக்கெரோ என்கிறார்கள்.

சினிஸ் தீபகற்பத்தில் பினீசியர் காலத்துத் தாரோஸ் நகரின் இடிபாடுகளை மாலையில் பாருங்கள். நிழல் இல்லாத இடம். இஸ் அருத்தாஸ் கடற்கரையில் மணலுக்குப் பதில் அரிசி போன்ற படிகக் கல் மணிகள் கிடக்கும். கையில் அள்ளிப் பார்க்கலாம், அங்கேயே போட்டுவிட வேண்டும். சார்டினியாவின் மணல், கூழாங்கல், சிப்பி எதையும் எடுத்துச்செல்வது குற்றம்; 2017-ஆம் ஆண்டுச் சட்டப்படி 500 முதல் 3,000 யூரோ வரை அபராதம். இந்தச் சட்டத்தைக் கடுமையானது என்று நான் சொல்ல மாட்டேன். துறைமுகச் சுவர் எழுந்த பிறகு தெற்கே மெரினாவில் மணல் சேரச் சேர, வடக்கே ராயபுரத்திலும் திருவொற்றியூரிலும் கரை கடலுக்குள் போனதையும், வீடுகள் இருந்த இடத்தில் இப்போது கருங்கல் கொட்டிக் கிடப்பதையும் நாம் அறிவோம். கரையில் மணல் இருப்பதன் அருமை நமக்குத் தெரிந்த அளவு வேறு யாருக்குத் தெரியும்.

அருகிலுள்ள காப்ராஸ் காயலில் மடவை மீன் பிடிக்கிறார்கள். அதன் சினையைப் பை கிழியாமல் எடுத்து, உப்பிட்டு, அழுத்தி, காயவைத்தால் போத்தார்கா. ஊரில் ஒரு கடையில் கேட்டபோது விற்பவர் பழுப்பு மஞ்சளாக, சவர்க்காரக் கட்டி போன்ற ஒன்றை எடுத்து, மேல் தோலை நகத்தால் உரித்து, கண்ணாடி போல ஒளி ஊடுருவும் மெல்லிய சீவலாக அறுத்துக் கொடுத்தார். கருவாடும் அல்லாத, பச்சையும் அல்லாத ஒரு சுவை. பிறகு நாக்கில் நெடுநேரம் நின்றது. சிறு துண்டு வாங்கிக்கொண்டு முகாமில் சுடுசோற்றின் மேல் துருவிப் போட்டுச் சாப்பிடுங்கள். ஒரிஸ்தானோ சமவெளியில் நெல் விளைவதால் உள்ளூர் அரிசியே கடைகளில் கிடைக்கும். அதே காயல்களில் ஃபசோனி என்ற பழைய மீன்பிடி மிதவையையும் பார்க்கலாம்; கோரைக் கற்றைகளை இறுகக் கட்டிச் செய்வது. நம் கட்டுமரத்தின் பெயரும் கட்டிய மரம் என்பதிலிருந்து வந்ததுதான்.

காயல் பக்கம் என்பதால் கொசு உண்டு. 1946 முதல் 1950 வரை நடந்த பெரும் முயற்சியால் தீவில் மலேரியா ஒழிக்கப்பட்டுவிட்டது. ஆனாலும் தூக்கம் வேண்டுமென்றால் கூடாரத்தின் வலையைப் பொழுது சாயும் முன்பே இழுத்து மூடுங்கள்.

குறுக்கே, பிறகு கிழக்கு

ஒரிஸ்தானோவிலிருந்து 131-ஆம் எண் சாலையில் வடக்கே போய், அப்பாசாந்தாவில் நுவோரோவை நோக்கிப் பிரியும் கிளைச் சாலையைப் பிடிக்க வேண்டும். பிரியும் இடத்துக்கு அருகிலேயே, சாலையோரமாக, நுராகே லோசா இருக்கிறது. வெண்கலக் காலத்தில் சாந்து இல்லாமல் கருங்கற்களை அடுக்கிக் கட்டிய கோபுரம். இப்படித் தீவில் 7,000-க்கு மேல் உள்ளன. பாருமினியில் உள்ள பெரிய வளாகம் 1997-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. ஆனால் வழியிலேயே இருக்கும் லோசாவுக்கு ஒரு மணி நேரம் ஒதுக்கினால் இந்தப் பயணத்துக்குப் போதும்.

காலா கொனோனே, மலையைத் துளைத்த சுரங்கப்பாதையின் மறுமுனையில் கடலைப் பார்த்துச் சரிந்து இறங்கும் சிற்றூர். இங்கிருந்து படகில் ஒரோசெய் வளைகுடாவின் கடற்கரைகளுக்குப் போகலாம். படகுச் சீட்டை முந்தைய நாள் மாலை, காற்றைப் பார்த்துவிட்டு வாங்குங்கள். கிழக்குக் காற்றால் படகு நின்றுவிட்டால், காலா ஃபுயிலி வரை காரில் போய், அங்கிருந்து நான்கு கிலோமீட்டர் பாறைப் பாதையில் இரண்டு மணி நேரம் நடந்து காலா லூனா கடற்கரையை அடையலாம்.

காலா கோலோரிட்சே கடற்கரைக்கு ஒரு முழு நாள் வேண்டும். நாளொன்றுக்கு 250 பேருக்கு மட்டுமே அனுமதி என்பதால் செயலியில் முன்பதிவு செய்து, கட்டணம் செலுத்திவிட்டுப் போக வேண்டும். காலா கொனோனேயிலிருந்து 125-ஆம் எண் மலைச் சாலையில், ஆயிரம் மீட்டர் உயரமுள்ள ஜென்னா சிலானா கணவாயைத் தாண்டி பவுனெய் ஊருக்குப் போய், மேலேயுள்ள கோல்கோ பீடபூமியில் காரை நிறுத்துங்கள். அங்கிருந்து மூன்றரை கிலோமீட்டர் நடை, ஏறத்தாழ 470 மீட்டர் இறக்கம். இறங்க ஒன்றேகால் மணி நேரம், ஏற இரண்டு மணி நேரம். ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீரும் மூடிய காலணியும் கட்டாயம். செருப்போடு இறங்கியவர்கள் ஏறும்போது பட்ட பாட்டை நேரில் பார்த்தோம். கீழே கடையும் இல்லை, கழிப்பறையும் இல்லை. மாலை மூன்று மணிக்காவது ஏறத் தொடங்கிவிடுங்கள்.

அன்று இரவு சமைக்க வேண்டாம். அந்த ஒலியாஸ்திரா வட்டாரத்தின் கூலுர்ஜோனெஸ் சாப்பிடுங்கள்: உருளைக்கிழங்கு, ஆட்டுப்பால் பாலாடைக்கட்டி, புதினா ஆகியவற்றைப் பூரணமாக வைத்து, விளிம்பைக் கோதுமைக் கதிர்போலப் பின்னி மூடி வேகவைத்த கொழுக்கட்டை என்று சொன்னால் நம் வீட்டில் எல்லோருக்கும் புரியும். எங்கள் மைத்துனர் மனைவி சமையலறை வாசலில் நின்று அந்தப் பின்னலைப் பார்த்துக் கற்றுக்கொண்டு வந்து, இப்போது பிள்ளையார் சதுர்த்திக் கொழுக்கட்டைக்கும் அப்படியே விளிம்பு பின்னுகிறார். மெல்லிய மொறுமொறுப்பான பானே கராசாவு ரொட்டி பல நாள் கெடாது. கார்ப் பயணத்துக்கு நல்லது.

கடைசி இரவு

காலா கொனோனேயிலிருந்து தெற்கே வந்து தொர்தொலி ஊரைத் தாண்டியதும் புதிய 125-ஆம் எண் சாலை சுரங்கங்கள் வழியாக விரைவாகத் தெற்கே இறங்கும். கோஸ்தா ரெய் பகுதியில் இரவு தங்கினால் மறுநாள் காலியாரி விமான நிலையம் ஒன்றரை மணி நேரத்துக்குள் இருக்கும். காரை ஒப்படைக்கும் முன் நான்கு பக்கமும் படம் எடுத்து, தொட்டியை நிரப்பி, ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். மீந்த எரிவாயுக் குப்பியை முகாமில் பக்கத்தில் இருப்பவர்களுக்குக் கொடுத்துவிடலாம். அங்கே எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள்.

கூடாரம் காலைப் பனியில் நனைந்திருக்கும். ஈரத்தோடு மடித்தால் எடையும் கூடும், சென்னை வெக்கையில் இரண்டே நாளில் பூஞ்சையும் பிடிக்கும்; வெயில் ஏறும் வரை காத்திருந்து காயவைத்து மடியுங்கள். மடிக்கும் முன் நால்வரும் நான்கு முனைகளைப் பிடித்து, அடித்துணியையும் பைகளையும் காலணிகளையும் அந்தக் கடற்கரையிலேயே நன்றாக உதறிவிடுங்கள். மடிப்புகளில் ஒளிந்திருக்கும் மணல் அங்கேயே விழட்டும்.